நாம் யாரை நம்ப மறுக்கிறோம்?

இலக்கியச் சந்திப்புகளில் இப்போது அதிகம் புழங்கும் சொல் 'நம்பகமற்ற கதைசொல்லி'. கோதிக் கதை ஒன்றைப் பற்றிப் பேச யாராவது எழுந்தால் ஐந்தாவது நிமிடத்தில் இது வந்துவிடும். பின்னாலேயே 'குறியீடு' வரும். பாழடைந்த மாளிகை என்றால் சிதைந்த மனம். பேய் என்றால் குற்றவுணர்வு. பூட்டிய அறை என்றால் அடக்கி வைத்த காமம். கதைசொல்லிக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, ஆகவே பேய் கிடையாது. கைத்தட்டல், தேநீர், குழுப்படம்.

அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அதை நாம் யார் மேல் எறிகிறோம் என்பதில்தான் சண்டை. நீங்களே பட்டியல் போட்டுப் பாருங்கள். எட்கர் ஆலன் போவின் 'டெல்-டேல் ஹார்ட்' (1843) கதையில் கிழவரைக் கொன்றுவிட்டுத் தனக்குப் பைத்தியமில்லை என்று வாதாடுகிறவன். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'யெல்லோ வால்பேப்பர்' (1892) கதையில் சுவர்த்தாளுக்குள் ஒரு பெண் ஊர்ந்து போவதைப் பார்க்கிற இளம் தாய். ஹென்றி ஜேம்ஸின் 'டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'வில் (1898) பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போய், செத்தவர்களைப் பார்த்ததாகச் சொல்லும் ஆசிரியை. பைத்தியம், நோயாளி, கல்யாணமாகாத பெண். நம் சந்தேகம் சொல்லிவைத்தாற்போல் இவர்கள் மேலேயே போய் விழுகிறது. அந்தத் தாயை அறைக்குள் அடைத்து வைத்தவர் அவளுடைய கணவர். அவர் ஒரு டாக்டர். டாக்டரை நம்பலாமா என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்?

என் வாதம் ஒன்றே ஒன்று. நல்ல கோதிக் கதை நம்மைச் சந்தேகப்படச் சொல்வது நடுங்குகிற குரலை அல்ல, நடுங்காத குரலை. நாம் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டோம். படிப்பில் மட்டும் என்றால் பரவாயில்லை, விட்டுவிடலாம். அதே தலைகீழ்ப் பழக்கத்தோடுதான் பேராக்கில் நம் சொந்தப் பெரியவர்கள் சொல்கிற கதைகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இதை விமர்சனத்துக்குள் கொண்டுவந்தவர் வெய்ன் பூத், 1961இல் வந்த 'ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்' நூலில். அவர் பொய்யனையோ பைத்தியத்தையோ மட்டும் சொல்லவில்லை. ஒரு படைப்பு எந்த மதிப்பீடுகளின்மேல் நிற்கிறதோ, அவற்றிலிருந்து கதைசொல்லி எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதே அவருடைய கேள்வி. அப்படிப் பார்த்தால் பொய்யே பேசாத, படித்த, மரியாதையான மனிதனும் நம்பகமற்றவனாக இருக்கலாம். ஒரு அநியாயத்தைக் கண்ணால் பார்த்தும் அது அநியாயம் என்று அவனுக்குத் தட்டுப்படாவிட்டால் போதும்.

இந்த வகை இலக்கியம் பிறந்ததே ஒரு மரியாதையான பொய்யில்தான். ஹோரஸ் வால்போலின் 'காசல் ஆஃப் ஒட்ராண்டோ' 1764இல் வந்தபோது, அது இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரை சொன்னது. 1529இல் நேப்பிள்ஸில் அச்சானதாம். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பெயர்கூட உண்டு. எல்லாம் கட்டுக்கதை. 1765இல் இரண்டாம் பதிப்பில் வால்போல் தானே எழுதியது என்று ஒத்துக்கொண்டார். 'கோதிக்' என்ற அடைமொழியையும் அப்போதுதான் சேர்த்தார். அவர் நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் பிரதமரின் மகன். ஆக, கோதிக்கின் முதல் நம்பகமற்ற குரல் பைத்தியக்காரனுடையது அல்ல. ஆண்டும் ஊரும் அச்சகத் தகவலும் கொடுத்து நிதானமாகப் பேசிய ஒரு முன்னுரையுடையது.

இப்போது போவுக்கு வருவோம். 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' (1839) நம் வாசகர் வட்டங்களுக்குப் பிடித்த கதை. காரணம் சுவரில் உள்ள விரிசல். மெல்லிய கீறல் ஒன்று கூரையிலிருந்து கீழே குளம் வரை ஓடுகிறது. கடைசியில் மாளிகை அதன் வழியாகவே பிளந்து விழுகிறது. விரிசல் ரோடரிக் அஷரின் மனம், மாளிகை அவனுடைய வம்சம் என்று ஒரு மணி நேரம் பேசலாம். நானும் அப்படிப்பட்ட உரைகளைக் கேட்டிருக்கிறேன். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் பேசாத இடம் ஒன்று கதையின் நடுவில் இருக்கிறது.

ரோடரிக்கின் சகோதரி மேடலின் இறந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. உடலைக் கீழே நிலவறையில் வைக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனது இரண்டு பேர்: ரோடரிக்கும், கதை சொல்லும் நண்பனும். நண்பன் அவள் முகத்தைப் பார்க்கிறான். கன்னத்தில் லேசான சிவப்பு. உதட்டில் ஒரு புன்னகை. அவளுடைய வியாதியில் அப்படித்தான் இருக்கும் என்று நமக்கு விளக்கம் சொல்கிறான். சொல்லிவிட்டு ரோடரிக்கோடு சேர்ந்து பெட்டியின் மூடியைத் திருகாணி போட்டு முடுக்குகிறான். கனத்த இரும்புக் கதவைச் சாத்துகிறான். அந்த நிலவறை அவன் படுக்கும் அறைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதையும் அவனேதான் சொல்கிறான்.

உயிரோடு ஒரு பெண்ணைப் புதைத்ததில் இவனுக்கும் கை இருக்கிறது. ஆனால் கதை முடியும்வரை அவன் விருந்தாளியாகவே பேசுகிறான். ரோடரிக்கின் நரம்புத் தளர்ச்சியை விவரிக்கிறான், மாளிகையின் சோகத்தை வர்ணிக்கிறான். நாமும் ரோடரிக்கின் மனத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். திருகாணி முடுக்கிய கையை மறந்துவிடுகிறோம். ஏன்? அவன் நம்மைப்போல் பேசுகிறான். படித்தவன், நிதானமானவன், நாகரிகமாக வர்ணிக்கத் தெரிந்தவன். இந்த இடத்தில் குறியீடு நமக்குச் செய்து தருகிற வேலையைக் கவனியுங்கள். விரிசலைக் காட்டி மூடியை மறைத்துவிடுகிறது.

ஒரு பொறியியல் உதாரணம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சோறு போடுவது அளவுக்கருவிகள். குழாயில் எவ்வளவு அழுத்தம், தொட்டியில் எவ்வளவு சூடு என்று காட்டுகிற மீட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் அழுத்தம் ஒருபோதும் அசையாமல் நிற்காது. முள் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு மீட்டர் நாள் முழுக்க ஒரே எண்ணைக் காட்டினால் அனுபவசாலி டெக்னீஷியன் சந்தோஷப்பட மாட்டார். மீட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க ஓடுவார். இன்னொன்று: எப்போதும் இரண்டு பார் கூடக் காட்டுகிற மீட்டரை உடனே தூக்கிப் போடவேண்டியதில்லை. கோளாறு எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துப் படித்துக்கொள்ளலாம். நம்பகமற்றது என்பதற்காக ஒரு கருவி ஊமையாகிவிடாது. ஆடாத முள்தான் ஆபத்து.

கோதிக்கில் ஆடாத முள்ளுக்கு 'டிராகுலா' (1897) நல்ல உதாரணம். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி என்று எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்ட கோப்பு அது. தொகுத்தவர்கள் ஒரு வழக்கறிஞரும் அவர் மனைவியும் ஒரு மனநல மருத்துவரும் அவர்களின் நண்பர்களும். எல்லாரும் எழுதுகிறார்கள், டிராகுலாவுக்கு மட்டும் ஒரு பக்கமும் கிடையாது. கடைசிக் குறிப்பில் வழக்கறிஞர் ஹார்க்கரே சொல்லிவிடுகிறார்: கையில் இருப்பது தட்டச்சுப் பிரதிகளின் குவியல், மூல ஆவணம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து வந்த அந்நியன் ஒருவனைத் துரத்திக் கொன்றவர்கள், தாங்களே தட்டச்சு செய்த கோப்பை நீட்டி நம்பச் சொல்கிறார்கள். நாமும் நம்பிக்கொண்டு, ரத்தம் எதன் குறியீடு என்று விவாதிக்கிறோம்.

சரி, எந்தக் குரலைச் சந்தேகிப்பது என்று எப்படித் தெரியும்? நான் கேட்கிற கேள்வி எளிமையானது: இந்தக் கதையைச் சொல்கிறவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்? இருக்க இடம் யார் கொடுத்தது? இந்தக் கதையை இப்படிச் சொல்வதால் யாருக்கு லாபம்?

'ஜேன் ஏர்' (1847) நாவலில் மேல்மாடியில் அடைத்து வைக்கப்பட்ட பெர்த்தா மேசனை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பைத்தியம் என்று நமக்கு விளக்குகிறவர் ரோச்செஸ்டர். ஜமைக்காவிலிருந்து அவளோடு முப்பதாயிரம் பவுண்டு சீதனம் வந்ததையும் அவரே சொல்கிறார். பணம் இவரிடம், சாவியும் இவரிடம், அவளுடைய கதையும் இவர் வாயில். பெர்த்தாவுக்கு நாவலில் சிரிப்பும் உறுமலும் மட்டும்தான். இதைக் கேள்வி கேட்க, கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதவேண்டி வந்தது. நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள். அதற்குள் எத்தனை பேர் அந்த மேல்மாடியை ஆழ்மனத்தின் குறியீடாக்கி விளக்கியிருப்பார்கள்!

ஹென்றி ஜேம்ஸின் ஆசிரியைக்கும் இந்தக் கேள்வியைப் போடுங்கள். 1934இல் எட்மண்ட் வில்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவளுடைய பேய்கள் நிஜமா, அடக்கிய ஆசையின் பிரமையா என்று உலகமே கட்சி பிரிந்து சண்டை போட்டது. ஜேம்ஸ் கதையின் தொடக்கத்திலேயே ஒரு வேலை ஒப்பந்தத்தை வைத்திருக்கிறார். அவள் ஏழைப் பாதிரியாரின் மகள். முதலாளி லண்டனில் இருக்கும் கனவான், பிள்ளைகளின் பெரியப்பா. நிபந்தனை ஒன்றுதான்: எது நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது, எழுதக் கூடாது, புகார் சொல்லக் கூடாது. ஒரு இளம்பெண்ணைத் தூரத்து மாளிகையில் இரண்டு பிள்ளைகளோடு விட்டு, வாயையும் கட்டிப்போட்டால், அவள் வேறு எதைத்தான் பார்ப்பாள்? அவள் புத்தியைச் சோதித்த அளவுக்கு அந்தப் பெரியப்பாவை நாம் விசாரித்ததே இல்லை. அவருக்குத் தூரத்தில் இருக்க வசதி இருந்தது, தப்பித்துக்கொண்டார்.

தமிழில் இந்த விளையாட்டை நன்றாகத் தெரிந்து ஆடியவர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த 'காஞ்சனை'யைப் பேய்க்கதை என்கிறோம். பேய் உண்டா இல்லையா என்று இன்றும் பேசுகிறோம். கதையைச் சொல்கிறவன் ஒரு எழுத்தாளன். கதை கட்டிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவன் என்று ஆரம்பத்திலேயே தன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறான். ராத்திரி தூக்கம் வராதவன். ஒரு நேரம் நறுமணமும் ஒரு நேரம் துர்நாற்றமும் வருவதாகச் சொல்கிறான். அந்த வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை அவன் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், அவன் சந்தேகம் முழுக்க அவள் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இங்கே சம்பளக் கேள்வியைப் போடுங்கள். வீடு அவனுடையது, பேனா அவனுடையது, மூக்கும் அவனுடையது. அவளோ பசித்து வந்தவள். நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் அவனோடு சேர்ந்து அவளை மோப்பம் பிடிக்கிறோம். நான் பொய் சொல்லிப் பிழைப்பவன் என்கிறவனை நம்பி, பசித்து வந்த ஒருத்தியைப் பேய் என்கிறோம். புதுமைப்பித்தன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். பேராக்கில் கோதிக் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது பத்து காஜாவில் உள்ள கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்டம் போட்டுப் பணக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. 1926 டிசம்பரில் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. இன்று அது சுற்றுலாத் தலம். 1999இல் வந்த 'அன்னா அண்ட் த கிங்' ஹாலிவுட் படத்தின் சில காட்சிகளும் அங்கே எடுக்கப்பட்டன.

அங்கே போனால் கிடைக்கிற கதை என்ன? மனைவி மேல் வைத்த காதல், முடியாத கனவு, ரகசியச் சுரங்கம், நடைபாதையில் இரவில் நடமாடும் துரையின் ஆவி. பக்கா கோதிக். நம் பசங்களும் அங்கே போய்ப் படம் பிடித்து, சோக இசை போட்டு ஏற்றுகிறார்கள். ஆனால் அதே கட்டடத்தின் வரலாற்றில் இன்னொரு செய்தி இருக்கிறது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரை இடம் கொடுத்து உதவினார். பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில் அப்படி வந்தது. அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக்கார உடையில் ஒரு உருவம் இருக்கிறது. அது கெல்லி ஸ்மித்தான் என்று சொல்வார்கள்.

இப்போது என் கேள்வி. லிஸ்பனில், கட்டிலில், காய்ச்சலில் செத்த மனிதரின் ஆவி ஏழு கடல் தாண்டி பத்து காஜாவுக்கு நடக்க வருகிறது. செங்கல் தூக்கும்போது அங்கேயே செத்த எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூட ஆவியாக நடமாட அனுமதி இல்லையா? பேய்க்கும் பங்களா வேண்டுமா? இந்த மாளிகையின் நம்பகமற்ற கதைசொல்லி அந்த மாளிகையேதான். நிதானமாக, அழகாக, காதல் கதையாகப் பேசுகிறது. முள் ஆடவே இல்லை. கோதிக் படித்த வாசகன் முதலில் சந்தேகிக்க வேண்டிய குரல் அது. நாமோ அதை வாய் பிளந்து கேட்டுவிட்டு வெளியே வருகிறோம்.

இந்தத் துரைக் கதைக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியைத் தோட்டத்துப் பேய்க் கதைகளுக்குக் கொடுக்கிறோமா? என் பாட்டி கோலா கங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். அவர் சொன்ன ஒரு கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விடியாத நேரத்தில் நிரைக்குள் ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு நிற்பாள். பார்த்தவர்களை ஒன்றும் செய்ய மாட்டாள், சும்மா நிற்பாள். ஆனால் ஒன்று. "கிராணி சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா போதும் சாமி, மரத்துக்குப் பின்னாடி ஒடுங்கிக்குவா."

இந்தக் கதையை ஒரு சந்திப்பில் நான் சொன்னபோது வந்த பதில்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஒருவர் நாட்டார் நம்பிக்கை என்றார். ஒருவர் இருட்டில் தனியாக வேலை செய்கிற பெண்களின் மனப்பிரமை என்றார். விரித்த கூந்தல் அடக்கப்பட்ட பெண்மையின் குறியீடு என்றார் இன்னொருவர். "பாட்டி ஒரு நம்பகமற்ற கதைசொல்லி, தம்பி" என்று சிரித்துக்கொண்டே முடித்துவைத்தார் ஒரு மூத்தவர். யாரும் சைக்கிள் மணியைக் கேட்கவில்லை.

பேயைக் கண்டு மனிதன் பயப்படுவான், அது கதை. செத்த பிறகும் ஒரு பெண் கிராணியைக் கண்டு ஒளிகிறாள் என்றால், அது வேறு கதை. அந்த மனிதன் என்ன செய்தான் என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு எதுக்குய்யா" என்று எழுந்து போய்விடுவார். அவரும் அவருடைய கேள்விக்குத் தகுந்தாற்போல் கதையை மாற்றுவார். ஆண்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் மாமரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவள். அத்தைமார் மட்டும் இருந்தால் கிணற்றில் விழுந்தவள். ஒருமுறை அவள் வெளித்தோட்டத்துக்காரி. மறுமுறை எங்கள் லயத்தில் நாலாவது வீடு. நம்பகமற்றவர்தான், மறுக்கவே இல்லை. ஆனால் ஏன் நம்பகமற்றவர்? தோட்டத்தில் வீடு தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். காலைப் பெரட்டில் பெயர் போடுகிறவர் கிராணி. அந்தக் கதையை நேராகச் சொல்லியிருந்தால் பாட்டி குடும்பத்தோடு சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றிருப்பார். ஆகவே பேயை விட்டுச் சொல்ல வைத்தார். மரமும் கிணறும் மாறின. வீடு மாறியது. சைக்கிள் மணி மட்டும் எந்த வடிவத்திலும் மாறவில்லை.

கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மீட்டரைப் படிக்கலாம் என்றேனே, அது இதுதான். பயம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால், பயந்தவரின் கதையைப் படிக்க முடியும். எல்லா வடிவத்திலும் மாறாமல் நிற்கிற துண்டு எது என்று பார்க்கவேண்டும். ஹென்றி ஜேம்ஸின் ஆசிரியையை இப்படிப் படிக்கத் தெரிந்த நமக்குத் தோட்டத்து ஆயாவை இப்படிப் படிக்கத் தெரியாமல் போனது எப்படி? அவளுடைய தடுமாற்றத்தை நுட்பம் என்கிறோம், இவர்களுடையதை மூடநம்பிக்கை என்கிறோம்.

எனக்கு வரப்போகிற மறுப்புகள் தெரியும். "இலக்கியத்தைச் சமூகவியலாக்குகிறாய்" என்பார்கள். நான் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. மூடியை முடுக்கிய கை போவின் வாக்கியத்தில் இருக்கிறது. முப்பதாயிரம் பவுண்டு நாவலின் உள்ளே இருக்கிறது. வேலை நிபந்தனையை ஜேம்ஸ் முதல் பேய் வருவதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். இவற்றைத் தாண்டிக் குதித்து ஆழ்மனத்துக்குப் போகிறவர்கள்தான் பிரதியை விட்டு வெளியே போகிறார்கள்.

"அப்படியானால் பாட்டிகள் சொல்வதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்வதா?" இல்லை. பாட்டியின் கதையை வைத்து யாரையும் கோர்ட்டில் நிறுத்த முடியாது. சந்தேகப்படுங்கள். ஆனால் சமமாகச் சந்தேகப்படுங்கள். தோட்டத்து ஆயாவிடம் கேட்கிற ஆதாரத்தைத் துரையின் நினைவுக் குறிப்பிடமும் கேளுங்கள். சுற்றுலாப் பலகையிடமும் கேளுங்கள்.

"குறியீடே வேண்டாமா?" வேண்டும். ஆனால் குறியீடு முதலில் பொருளாக இருக்கவேண்டும். அஷர் மாளிகையின் நிலவறை ஒரு காலத்தில் சிறையாகவும் பிறகு வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்தது என்று போ எழுதுகிறார். அந்த இடத்துக்கு ஒரு பழைய உபயோகம் இருந்தது. அது பயமுறுத்துவதும் அதனால்தான். எங்கள் கோலா கங்சாரில் ஒரு ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளின் வழி வந்து, ஹியூ லோ பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் 1877இல் நடப்பட்ட கன்றுகளில் மிஞ்சியது என்பார்கள். வளர்ச்சியின் சின்னம் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். அந்த மரத்தின் வாரிசுகளில்தான் எங்கள் நாலு தலைமுறை உளி பிடித்தது. அதை வெறும் சின்னமாகப் பார்க்கிற கண்ணுக்கு மரம் தெரியும், வெட்டிய கை தெரியாது. விரிசலைப் பார்த்து மூடியை விட்ட அதே கண்.

இதில் அவசரம் ஒன்றும் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனையாகி, செம்பனை தாமான்களாகிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. நிரை இல்லை, எனவே நிரைக்குள் நிற்கிறவளுக்கும் நிற்க இடம் இல்லை. அந்தக் கதைகளைத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டி, பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துரைமார்கள் நினைவுக் குறிப்பு எழுதி, அச்சடித்து, நூலகத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் பேயை மட்டும்தான் விட்டுவைத்தார்கள். அதையும் நாம் ஒரு ஆங்கில விமர்சனச் சொல்லின் தமிழாக்கத்தை வைத்து அடித்துத் துரத்தினால், மிஞ்சுவது கெல்லி ஸ்மித்தின் ஆவி மட்டும்தான்.

அடுத்த சந்திப்புக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு பேய்க் கதையைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேளுங்கள். மூன்று நாளில், மூன்று ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது. முரண்படுகிற இடங்களைத் திருத்தி வழுவழுப்பாக்காதீர்கள், அப்படியே எழுதுங்கள். மாறாத துண்டை அடிக்கோடிடுங்கள். பிறகு போவையும் ஜேம்ஸையும் பேசலாம். அப்போது யாராவது எழுந்து இவர் நம்பகமற்ற கதைசொல்லி என்று சொன்னால், உட்காரச் சொல்லாதீர்கள். யாருக்குப் பயந்து என்று மட்டும் கேளுங்கள்.